தார் போட்ட தெருவும் தலைவாசல் கணக்கும்

தெரு யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், ஊருக்குச் சொந்தம் என்று எவரும் தயங்காமல் விடை கூறுவர். அந்தத் தெருவிற்குத் தார் போடும் செலவு யாரைச் சேர்ந்தது என்று கேட்டால் அத்துணை விரைவில் விடை வாராது. அரசாங்கம் என்பார் ஒருவர். பஞ்சாயத்து என்பார் மற்றொருவர். தெருவில் வீடு வைத்திருப்பவனே கொடுக்கட்டும் என்பார் அத்தெருவில் வீடில்லாத மூன்றாமவர். இம்மூன்று விடைகளுக்கும் பின்னால் மூன்று தனித்தனிக் கொள்கைகள் உள்ளன. அவை சட்டப் புத்தகங்களில் உறங்குவன அல்ல. பாறசாலை, காரோடு, குன்னத்துக்கால் எனத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில், ஒவ்வொரு முடுக்கிலும் அவை நாள்தோறும் மோதிக்கொள்கின்றன. நான் இயற்பியல் மாணவன், சட்டம் படித்தவனல்லன். ஆனால் இப்பொருளில் சட்டத்தைவிடக் கணக்கு மிகுதி. அத்துணிவில்தான் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் வேண்டிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்தோடு நின்றுவிட்டது. ஆகவே களியக்காவிளைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு சிறிது தொலைவு நடந்தால் இஞ்சிவிளை வந்துவிடும், மாநிலமும் மாறிவிடும். சாலையின் கறுப்பு நிறம் மாறும் இடத்தைக் கண்டு எல்லையை அறிந்துகொள்ளலாம் என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி வந்து பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பலசரக்குக் கடை வைத்தவர். அங்குள்ள மலையாளிகளும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். நாங்கள் நான்கு சென்ட் நிலம் வாங்கிக் குடியேறியது ஒரு மண் முடுக்கின் ஓரத்தில். அந்த முடுக்கிற்குத் தார் வரவேண்டும் என்ற பேச்சு என் பள்ளி நாளிலேயே தொடங்கிற்று. இன்னும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

தெருவிற்குச் செலவு செய்வதில் இரு வேறு செயல்கள் உள்ளன. தெருவே இல்லாத இடத்தில் புதிதாகத் தெரு அமைப்பது ஒன்று. அமைந்த தெரு தேய்ந்தபின் மேற்பரப்பைப் புதுப்பிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதனாலேயே பாதி வாதங்கள் பிறக்கின்றன.

இங்கிலாந்தில் 1892-ஆம் ஆண்டுத் தனியார் தெருப் பணிச் சட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். ஒரு தெரு தனியாருடையதாய், கல் பாவாமல், வடிகால் இல்லாமல் கிடந்தால், நகராட்சி அதைச் செப்பனிடும். அதற்கான செலவைத் தெருவின் இருமருங்கிலும் நிலம் உடையோரிடம், அவரவர் முகப்பு நீளத்தின் அளவிற்கேற்பப் பிரித்து வாங்கும். ஒருவனுக்கு நன்மை கூடுதலாகவும் மற்றொருவனுக்குக் குறைவாகவும் இருந்தால் அதையும் கருதலாம் என ஒரு விலக்கும் வைத்தனர். அவ்வாறு ஒருமுறை செப்பனிட்டுப் பொதுத் தெருவாக ஏற்றுக்கொண்டபின், அதைப் பேணும் பொறுப்பு பொதுமக்கள் வரிப்பணத்தைச் சேரும். அதாவது, பிறப்புச் செலவு வீட்டுக்காரனுடையது. வளர்ப்புச் செலவு ஊருடையது.

இதே கருத்து நம் நாட்டிற்கும் கப்பலேறி வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும், 1920-ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் தனியார் தெருக்களைப் பற்றிய பிரிவுகள் உள்ளன. மட்டம் செய்யாமலும் சல்லியிடாமலும் வடிகாலின்றியும் கிடக்கும் தனியார் தெருவைச் செப்பனிடுமாறு அதை ஒட்டிய உடைமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். அவர்கள் செய்யாவிடின் நகராட்சியே செய்து, முகப்பு நீளத்தைக் கருதிச் செலவைப் பிரித்து வசூலிக்கலாம். பணி முடிந்தபின் தெருவைப் பொதுத் தெருவாக அறிவிக்குமாறு உடைமையாளர்கள் கேட்கலாம். 1920-ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்து, 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதை எண்ணும்போது, ஓர் ஆங்கிலேயக் கருத்து நம் தெருக்களில் நூறாண்டு வாழ்ந்தது என்பது புலனாகும்.

அமெரிக்கர்கள் இதைவிட ஒருபடி மேலே சென்றனர். அவர்களுடைய நகரங்கள் பலவற்றில் புதுத் தெருவிற்கு மட்டுமன்றி, பழைய தெருவின் மேற்பரப்பைப் புதுப்பிப்பதற்கும் வீட்டுக்காரனுக்குச் சீட்டு வரும். நியூயார்க்கில் 1691-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் செய்தனர். இதற்கு அவர்கள் கூறும் காரணம் இது: தெரு நன்றானால் அதை ஒட்டிய நிலத்தின் விலை உயர்கிறது, அவ்வுயர்வு வீட்டுக்காரன் உழைத்துப் பெற்றதன்று, ஆகவே உயர்வில் ஒரு பகுதியை அவனிடமிருந்து திரும்பப் பெறுவது நியாயம். கேட்பதற்கு நன்றாகவே உள்ளது. ஆனால் பெறும் தொகை, உயர்ந்த விலையை மிஞ்சிவிட்டால் என்ன செய்வது?

அக்கேள்வி 1898-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒகையோ மாநிலத்தில் நார்வுட் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஓர் அம்மையாரின் நிலத்தின் ஊடே தெரு விட வேண்டியிருந்தது. ஊராட்சியார் அவருக்கு 2,000 டாலர் இழப்பீடு கொடுத்து நிலத்தை எடுத்தனர். பின்பு அத்தெருவை ஒட்டி எஞ்சிய நிலமும் அவருடையதே என்பதைக் கண்டு, அந்த 2,000 டாலரையும் வழக்குச் செலவையும் சேர்த்து அவர்மீதே வரியாக விதித்துவிட்டனர். வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் பிடுங்கிக்கொண்ட இந்த வித்தையை நீதிமன்றம் ஏற்கவில்லை. தனிச் சிறப்பாகக் கிடைத்த நன்மையைவிடப் பெருமளவு மிகுதியாக வாங்கினால், மிகுந்த பகுதி இழப்பீடின்றிச் சொத்தைப் பறித்ததாகும் என்று தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டுகளில், 1901-இல், கேன்சஸ் நகரத்துத் தார்ச்சாலை வழக்கொன்றில் முகப்பு நீளத்தைக் கொண்டு செலவைப் பிரிக்கும் முறை செல்லும் என்றும் அந்த நீதிமன்றமே கூறிற்று. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பவர்க்குத் தலை சுற்றும். இந்த நார்வுட் அம்மையாரை வாசகர்கள் மறக்க வேண்டா. அவருடைய தங்கைமார் எங்கள் ஊரில் பலர் உளர்.

முகப்பு நீளம் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அது எத்தகைய அளவுகோல் என்பதை ஒரு கணக்கால் காண்போம். எண்கள் கணக்கு எளிதாகும்பொருட்டு நான் அமைத்தவை. நிலங்களின் உருவமோ எங்கள் பகுதியில் எங்கும் காண்பது.

ஒரு முடுக்கு. ஒருபுறம் வாய்க்கால். மறுபுறம் ஐந்து உடைமையாளர்கள். மொத்த முகப்பு 100 மீட்டர். மொத்த நிலம் 100 சென்ட். தார் போடும் செலவு ஓர் இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். முதலாமவருக்கு 50 சென்ட் ரப்பர் விளை. முகப்பு 50 மீட்டர். இரண்டாமவருக்கு 10 சென்ட், 20 மீட்டர். மூன்றாமவருக்கு 5 சென்ட், 15 மீட்டர். நான்காமவர் ஒரு மூதாட்டி. 4 சென்ட், ஆனால் முகப்பு 12 மீட்டர். ஐந்தாமவருக்கு உள்ளே 31 சென்ட் தென்னந்தோப்பும் பெரிய வீடும் உண்டு; தெருவைத் தொடுவதோ 3 மீட்டர் வாயில் மட்டுமே.

முகப்பு நீளத்தின்படி பிரித்தால் மூதாட்டி 12,000 ரூபாய் கொடுக்க வேண்டும். தோப்புக்காரர் 3,000 கொடுத்தால் போதும். நிலப்பரப்பின்படி பிரித்தால் மூதாட்டிக்கு 4,000, தோப்புக்காரருக்கு 31,000. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 20,000. ரப்பர் விளைக்காரரை நோக்குங்கள். முகப்பானாலும் பரப்பானாலும் அவருக்கு 50,000-தான். ஆகவே தலைக்கணக்கே நேர்மையானது என்று அவர் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் பேசுவார். தோப்புக்காரர் முகப்புக் கணக்கைப் போற்றுவார். மூதாட்டி பரப்புக் கணக்கை விரும்புவார். ஆனால் அவரைக் கூட்டத்தில் பேச விடுவார் யார்? சமத்துவம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூவரும் மூன்று எண்களைச் சொல்ல முடிகிறது என்பதே இங்குள்ள வியப்பு.

கேரளத்தில் தார் போடுவதற்கு யாரும் வீட்டுக்காரனிடம் இவ்வாறு பணம் கேட்பதில்லையே என்று சிலர் வினவலாம். உண்மை. பஞ்சாயத்துச் சாலைகளின் மராமத்திற்கு மாநில அரசு தன் வரிவருவாயிலிருந்து பராமரிப்பு நிதியாக ஒரு பங்கை அளிக்கிறது; அதில் சாலைக்கென்றே தனிப் பிரிவும் உண்டு. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்திற்குப் பின், திட்ட நிதியில் பெரும் பங்கு உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது. வீட்டு வரி 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டடத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வீட்டிற்கு வரும் வழி அகலமானால் வரி கூடும், வழி குறுகினால் குறையும். 2023 ஏப்ரல் முதல் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து வீதம் அவ்வரி ஏறிவருகிறது. ஆகத் தெருவின் நன்மை ஓரளவு வரியிலேயே அடங்கிவிட்டது என்று கூறலாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் 'கரம் தீர்த்தாச்சா?' என்றுதான் கேட்பர். வரி கட்டுவது அவர்களுக்குக் கடன் தீர்ப்பது போன்றது.

ஆனால் கேரளம் வேறொரு நாணயத்தில் விலை கேட்கிறது. அந்த நாணயம் நிலம்.

பஞ்சாயத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறாத வழிக்குப் பஞ்சாயத்துப் பணம் செலவிட முடியாது. பதிவேட்டில் ஏற வேண்டுமாயின் வழி பஞ்சாயத்திற்குச் சொந்தமாக வேண்டும். வண்டி செல்லும் அகலமும் வேண்டும். அகலத்திற்கு நிலம் எங்கிருந்து வரும்? இருமருங்கிலும் உள்ளவர்கள் விலையின்றி விட்டுக்கொடுக்க வேண்டும். 'ஃப்ரீ சரண்டர்' என்னும் ஆங்கிலச் சொற்களை எழுத்தறியாதவரும் எங்கள் பகுதியில் பிழையின்றி உச்சரிப்பர். ஊர்ப்புறச் சாலைகளுக்கென 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்திலும் நிலம் வாங்கப் பணம் கிடையாது. ஊரார் கொடுக்க வேண்டும்.

இப்பொழுது நம் கணக்கிற்குத் திரும்புவோம். ஐவரும் ஒரு மீட்டர் அகலம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று வைப்போம். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். மூதாட்டியின் 4 சென்ட் ஏறத்தாழ 162 சதுர மீட்டர்; அவர் இழப்பது 12 சதுர மீட்டர்; நூற்றுக்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு. ரப்பர் விளைக்காரர் 2,023 சதுர மீட்டரில் 50 இழக்கிறார், நூற்றுக்கு இரண்டரை. தோப்புக்காரர் 1,254-இல் 3 சதுர மீட்டர் மட்டும் இழக்கிறார். நூற்றுக்குக் கால் பங்கு. அதாவது மூதாட்டி தம் உடைமையில் இழக்கும் விகிதம், தோப்புக்காரர் இழக்கும் விகிதத்தைப்போல முப்பது மடங்கு. சாலை வந்தபின் வண்டி யார் வாயிலுக்குச் செல்லும் என்பதையும் நான் கூற வேண்டுவதில்லை.

முகப்பு நீளக் கணக்கின் மிகக் கடுமையான உருவம் இதுவே. பணமாகக் கேட்டிருந்தால் தவணை கேட்கலாம், விலக்குக் கேட்கலாம், வழக்கும் தொடுக்கலாம். நன்கொடை என்று பெயரிட்டு நிலமாகக் கேட்கும்போது, கேட்பவர் அரசாங்கமல்லர், பக்கத்து வீட்டுக்காரர். மறுத்தால் ஊரின் வளர்ச்சியைத் தடுத்தவன் என்ற பழி வரும். எங்கள் முடுக்கில் கையாலையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் குளியலறையும் கழிப்பறையும் போய்விடும் வீடு ஒன்று உண்டு. அதில் தனியே வாழும் பாட்டி என்னிடம் கூறியது: "ரோடு வேணும் மக்ளே. ஆனா கக்கூஸ இடிச்சா நா எங்க போவேன்?" இந்தக் கேள்விக்கு ஊர்க்கூட்டத்தில் கிடைத்த விடை சிரிப்பு. சிரித்தவர்களுள் தீயவர் எவருமில்லை. அவர்கள் வீட்டு நோயாளிகளையும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் பெருஞ்சாலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் சாலை வேண்டும். அதனால்தான் இது எளிதில் தீராத வழக்காக இருக்கிறது.

நிலம் விட்டுக்கொடுத்தோர்க்குச் சட்டம் ஒன்றுமே தரவில்லை என்று கூறுவதும் பிழை. சாலைக்காக விலையின்றி நிலம் விட்ட மனைகளில் கட்டடம் எழுப்புவோர்க்கு, சுற்றிலும் விட வேண்டிய இடைவெளி முதலியவற்றில் தளர்வு காட்டும் தனி அத்தியாயம் 1999-ஆம் ஆண்டுக் கேரள நகராட்சிக் கட்டட விதிகளிலேயே உண்டு. ஆயின் இச்சலுகை புதிதாகக் கட்டுவோனுக்கு உதவும். கட்டிய வீட்டில் கஞ்சி குடித்துக் கிடப்பவருக்கு என்ன உதவும்? நான்கு சென்ட்காரர்களுள் எத்துணைப் பேர் இவ்விதியைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பதும் ஐயமே.

எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் சென்றால் வழக்கு வேறு. அங்கே பணமே பேசுகிறது. 1997-98-இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டமும், 2011-க்குப் பின் வந்த தன்னிறைவுத் திட்டமும் ஒரே வேரில் முளைத்தவை. தெருவார் ஒரு பங்கைத் திரட்டிக் கட்டினால், மீதியை அரசு போட்டுப் பணியை நிறைவேற்றும். தன்னிறைவுத் திட்டத்தில் தெருவார் பங்கு மூன்றில் ஒன்றாக இருந்தது. இம்முறையில் ஒரு நேர்மை உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது வெளிச்சத்தில் இருக்கிறது. அதே வெளிச்சத்தில் அதன் குறையும் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிந்த தெருவிற்கே அரசின் மற்ற இரு பங்கும் செல்லும். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தெருவிற்கு விரைவில் சாலை வரும்; முந்திரி ஆலைக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் வாழும் தெருவிற்கு வாராது. பொதுப்பணம், பணமுள்ள இடத்தையே தேடிச் செல்லும் விந்தை இது. ஆயினும் கேரளத்து நிலக்கொடையையும் தமிழ்நாட்டுப் பணக்கொடையையும் ஒப்பிட்டுக் கூறு என்று என்னைக் கேட்டால், பணக்கொடையே மேல் என்பேன். ஏழையிடம் பணம் இல்லை என்பது எல்லார்க்கும் தெரியும். ஆகவே அவனை விட்டுவிடுவர். நிலம் நான்கு சென்ட் இருந்தாலும், அதிலிருந்து ஒரு மீட்டர் கிள்ளலாம் என்று தோன்றிவிடுகிறது.

இதுவரை கூறியது தெருவைப் பிறப்பிக்கும் செலவு. இனித் தேய்மானச் செலவிற்கு வருவோம். இங்கேதான் என் துறை எனக்குத் துணை வருகிறது.

சாலை ஏன் தேய்கிறது? நீராலும் சுமையாலும். நீரின் தொல்லையை இரண்டு பருவமழை பெறும் எங்கள் பகுதியினர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பஞ்சாயத்துச் சாலைகளில் பெரும்பாலும் இடுவது 20 மில்லிமீட்டர் கனமுள்ள சிப்பிங் கார்ப்பெட். ஓரத்தில் ஓடை இல்லாவிடில் நீர் அடியில் புகுந்து, கல்லையும் தாரையும் பிரித்துவிடும். சுமையைப் பற்றியோ ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரை, தனியே சாலை அமைத்து அதில் இரவும் பகலும் சுமைவண்டிகளை ஓட்டிப் பார்த்தனர். அதிலிருந்து பெற்ற விதி: ஓர் அச்சு சாலைக்குச் செய்யும் சேதம், அவ்வச்சின் சுமையின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்ப உயரும்.

நான்காம் படி என்பது எத்துணைக் கொடியது என்று பாருங்கள். சிறு காரின் ஓர் அச்சு அரை டன் தாங்குகிறது; கல் ஏற்றிய டிப்பர் லாரியின் ஓர் அச்சு பத்து டன் தாங்குகிறது. சுமை இருபது மடங்கு. சேதமோ இருபதை நான்கு முறை பெருக்கிய தொகை, 1,60,000 மடங்கு. ஒரு தெருவார் தம் கார்களில் நாளொன்றுக்கு நூறு முறை சென்று வந்தாலும், ஒரே ஓர் அச்சு ஒரு நொடியில் செய்யும் சேதத்தைச் செய்து முடிக்க அவர்களுக்கு ஓராண்டிற்கு மேல் ஆகும். இருசக்கர வண்டியையும், தலையில் மரச்சீனிக் கிழங்கு சுமந்து செல்லும் பெண்ணையும் இக்கணக்கில் சேர்க்கவே இயலாது. நம் நாட்டில் நான்கு சக்கரமுள்ள ஒற்றை அச்சிற்கு 2018 வரை 10.2 டன் வரம்பாக இருந்தது. அவ்வாண்டு அதை 11.5 டன்னாக உயர்த்தினர். உயர்வு நூற்றுக்குப் பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. நான்காம் படியில் பெருக்கினால் சேதத்தின் உயர்வு நூற்றுக்கு அறுபதைத் தாண்டும். அறிவிப்பில் அறுபது என்ற எண் எங்கும் இல்லை, சாலையில் இருக்கிறது.

குமரி மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகவும், பனச்சமூடு வழியாகவும் லாரிகள் கேரளத்திற்குள் வருவதை எங்கள் பக்கத்தார் அனைவரும் அறிவர். பெருஞ்சாலையில் நெருக்கடி வரும்போது அவை ஊர்ச்சாலைகளிலும் புகும். வாகன வரி மாநில அரசைச் சேரும். கேரளத்தில் அதில் ஒரு பங்கும், பெட்ரோல் மீதான ஒரு ரூபாயும் 2016 முதல் கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்திற்கெனப் பெரும்பணிகளுக்கு ஒதுக்கப்பட்டன. வேறு மாநிலத்தில் பதிந்த லாரியாயின் அதன் வரி அந்த மாநிலத்திற்கு. உடைந்த ஊர்ச்சாலையோ பஞ்சாயத்திற்கு. சேதம் செய்பவன் ஒருவன், வரி வாங்குபவன் மற்றொருவன், மராமத்துச் செய்பவன் மூன்றாமவன். இந்நிலையில் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் செலவை முகப்புக்காரனிடம் வாங்குக என்று எவரேனும் கூறின், இயற்பியல் அதற்கு இடம் கொடாது.

அவ்வாறு வாங்கிவந்த நாடுகளும் இன்று தயங்குகின்றன. செருமனியின் பவேரியா மாநிலம் வீட்டுக்காரரிடம் சாலைப் புதுப்பிப்புப் பங்கு வாங்குவதை 2018-இல் ஒழித்தது. அமெரிக்காவில் மினசோட்டாவின் தலைநகரான செயின்ட் பால், தெருப் பராமரிப்பிற்கென முகப்பு நீளத்தின்படி கட்டணம் வாங்கி வந்தது; இது கட்டணமன்று, வரியே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறிற்று. இதே வேறுபாட்டை நம் உச்ச நீதிமன்றம் 1954-இலேயே, சென்னை மாநிலத்து அறநிலையத்துறையைப் பற்றிய சிரூர் மடம் வழக்கில் ஆராய்ந்திருக்கிறது என்பதைச் சட்ட மாணவர் அறிவர். குறிப்பிட்ட சேவைக்கு ஈடாக வாங்குவது கட்டணம். ஈடு காட்டாமல் பொதுச்செலவிற்காக வாங்குவது வரி. பிற்காலத் தீர்ப்புகளில் இக்கட்டு ஓரளவு தளர்ந்தது. ஆயினும் தெருவை வெட்டிக் குடிநீர்க் குழாய் இணைப்பு வாங்குவோன், வெட்டிய இடத்தைச் செப்பனிடும் செலவையும் கட்ட வேண்டும் என்பதில் ஒருவரும் குறை காண்பதில்லை. ஏனெனில் வெட்டியவன் அவன். ஈடு கண்முன் நிற்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாலையைப் புதுப்பிப்பது எப்பொழுதும் வீட்டுக்காரனுக்கு நன்மை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத்தார் போட்டுக்கொண்டே போனால் சாலை உயரும். வீட்டுப் படி தாழும். மழைநீர் திண்ணையைக் கேளாமல் அடுக்களைக்குள் வரும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தலைமைச் செயலாளர், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தபின்பே புதிதாக இட வேண்டும் என்று ஆணையிட வேண்டிய நிலை வந்தது இதனால்தான். அமெரிக்க முறைப்படி நிலத்தின் விலை உயர்வை அளந்து பணம் கேட்பதாயின், இத்தகைய தெருக்களில் நகராட்சியே வீட்டுக்காரனுக்குப் பணம் கொடுக்க வேண்டி வரும்!

எங்கள் முடுக்கிற்கு மீள்வோம். நிலம் விட்டுக்கொடுப்பதை அறவே நிறுத்து என்று நான் கூறவில்லை. நிறுத்தினால் அம்முடுக்கு இன்னும் இருபது ஆண்டு மண்ணாகவே கிடக்கும். நான் கேட்பது கணக்கு. ஒவ்வொருவரும் விடும் நிலத்தின் சதுர மீட்டரை அளந்து, அரசு குறித்த நியாய விலையால் பெருக்கி, மொத்தத்தை ஒரு தாளில் எழுதுவோம். அம்மொத்தத்தை, தார் வந்தபின் வண்டி வழியால் நன்மை பெறும் நிலப்பரப்பின்படி ஐவருக்கும் பகிர்வோம். தம் பங்கிற்கு மிகுதியாக நிலம் விட்டவருக்கு, குறைவாக விட்டவர் ஈடு கட்டட்டும். நம் மாதிரிக் கணக்கில் ஐவர் விடுவதும் சேர்த்து 100 சதுர மீட்டர். பரப்பின்படி மூதாட்டியின் பங்கு 4 சதுர மீட்டர். அவர் விட்டதோ 12. எட்டுச் சதுர மீட்டரின் விலை அவருக்கு வர வேண்டும். தோப்புக்காரரின் பங்கு 31. அவர் விட்டது 3. இருபத்தெட்டுச் சதுர மீட்டரின் விலையை அவர் வைக்க வேண்டும். ரப்பர் விளைக்காரருக்குக் கொடுக்கலும் இல்லை, வாங்கலும் இல்லை. எட்டுச் சதுர மீட்டரின் விலையில் ஒரு கழிப்பறையை வீட்டின் பின்புறம் கட்டிவிடலாம் என்று எங்கள் ஊர்க் கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டா. கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. விடுமுறையில் ஊர் சென்றபோது, தந்தையார் கடையில் துணி அளக்கும் மீட்டர்க் கோலையும் ஒரு நாடாவையும் எடுத்துக்கொண்டு, தம்பியுடன் முடுக்கின் இருபுறமும் அளந்து முடித்தேன். அட்டவணையை மலையாளத்தில் ஒரு படியும், தமிழில் ஒரு படியும் எழுதி வைத்திருக்கிறேன். தோப்புக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். கூட்டல் சரிதானா என்று இருமுறை பார்த்தார். மகனிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கிராம சபைக்கு நானும் போகிறேன்.